வஹீது பாயின் வாய் பாஸ்

சிங்காநல்லூர் பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த ஒரு பம்ப் கம்பெனியின் வாசலில் அப்துல் வஹீது முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தார். பதிவேட்டில் அவருடைய வேலைக்கு டைம் கீப்பர் என்று பெயர். கோட்டைமேட்டில் அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லாரும் கடை வைத்தவர்கள். அடுத்தவன் நேரத்தைக் காவல் காக்கச் சம்பளம் வாங்குகிறவர் என்று பெருநாள் விருந்தில் அவரைச் சீண்டுவார்கள். வஹீது சிரித்துக்கொண்டே அடுத்த கறித்துண்டை எடுப்பார். கடைக்காரர்களுக்கு நேரம் என்றால் என்னவென்று தெரியாது என்பது அவருடைய எண்ணம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம் அவர்கள். லேத் முன்னால் நிற்கிறவனுக்கு அது முடியாது. சங்கு ஊதினால் உள்ளே, மறுபடி ஊதினால் வெளியே. இடைப்பட்ட எட்டு மணி நேரத்தில் அவனுக்கு ஒரு வீடு இருக்கிறது என்பதையே கம்பெனி மறந்துவிடும். அதை மறக்காமல் இருப்பதுதான் தன் வேலை என்று வஹீது நினைத்துக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் அப்படிச் சொல்லி வேலை கொடுக்கவில்லை.

அவர் சேர்ந்த காலத்தில் வாசலில் அட்டை அடிக்கும் இயந்திரம் இருந்தது. சுவரில் மரச்சட்டம், அதில் வரிசையாக மஞ்சள் அட்டைகள். வருகிறவன் தன் அட்டையை உருவி இயந்திரத்தின் வாயில் வைத்துப் பிடியை அழுத்தினால் டங்கென்று ஒரு சத்தம், அட்டையில் நீல எழுத்தில் நேரம். வஹீது தலை தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை. சத்தத்திலேயே ஆள் தெரியும். லேத் ஓட்டும் டர்னர் வேலுமணி முஷ்டியால் குத்துவான். மணல் அச்சுப் பிடிக்கும் சுப்பண்ணன் கோயில் மணியை இழுக்கிற மாதிரி மெல்ல இழுத்து விடுவார். ஆறரை மணிக்கு முதல் ஷிப்டு வரும்போது வாசலில் தேங்காய் எண்ணெயும் திருநீறும் பீடியும் கலந்த வாசனை அடிக்கும். அந்த வாசனைக்கும் டங்கென்ற சத்தத்துக்கும் நடுவில் கழிந்தது அவருடைய இளமை. இப்போது அந்த இடத்தில் முகத்தைக் காட்டினால் பச்சை விளக்கு எரியும் ஒரு கறுப்புக் கண்ணாடி இருக்கிறது. அது யாரையும் சத்தத்தால் பிரித்துக் காட்டுவதில்லை.

கம்பெனியை ஆரம்பித்தவர் லட்சுமணசாமி. கிணற்று மோட்டாரில் கை வைத்துக் கற்றுக்கொண்டு முதலாளி ஆனவர். ஆட்களுக்குள் சண்டை என்று யாராவது அவரிடம் போனால், தனியாக வந்தால் கேட்கமாட்டார். "ரெண்டு பேரும் சேந்து வாங்க. சேந்து நடந்து வந்தீங்கன்னாத்தான் கேப்பேன்" என்பார். மெஷின் ஷாப்பிலிருந்து அவர் அறைக்கு முற்றத்தைக் கடந்து இருநூறு அடி நடக்க வேண்டும். அடித்துக்கொண்டவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து வரும்போதே பாதி சண்டை போய்விடும் என்று வஹீது இன்றும் சொல்வார். அது நியாயந்தானா என்று கேட்டால் உறுதியாகச் சொல்வதற்கில்லை. அந்த இருநூறு அடிக்குள் பலசாலி மற்றவனை வழியிலேயே சரிக்கட்டியிருக்கவும் கூடும். அமைதியாக முடிந்த வழக்கெல்லாம் நீதியாக முடிந்த வழக்கு ஆகிவிடாது. ஆனால் வஹீதுவின் நினைவில் இருப்பது, சேர்ந்து நடந்து வந்தவர்கள் திரும்பிப் போகும்போது ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்த காட்சிதான்.

வாய் பாஸ் அந்தக் காலத்தில்தான் பிறந்தது. ஷிப்டு நடுவில் வெளியே போக வேண்டுமானால் அச்சடித்த கேட் பாஸில் சூப்பர்வைசர் கையெழுத்து வேண்டும், மேலாளர் கையெழுத்து வேண்டும். இரண்டு கையெழுத்தும் கிடைப்பதற்குள் வெளியே போக வேண்டிய காரணம் தீர்ந்துபோயிருக்கும். வஹீது சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு நாள், வார்ப்பு ஆள் ஒருவர் கையைப் பிசைந்துகொண்டு வாசலில் நின்றார். பள்ளிக்கூடத்தில் பிள்ளை மயங்கி விழுந்துவிட்டான் என்று ஆள் வந்திருந்தது. சூப்பர்வைசர் லீவு. வஹீது, டீ கேன் வருவதற்காக வைத்திருந்த சின்னக் கதவைத் திறந்துவிட்டார். மாடி ஜன்னலிலிருந்து லட்சுமணசாமி அதைப் பார்த்துவிட்டார். மறுநாள் காலை காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "பாய், நேத்துப் போனவன் வந்துட்டானா?" என்றார்.

"வந்துட்டானுங்க."

"சரி."

அந்த ஒரு 'சரி'தான் வாய் பாஸுக்குக் கிடைத்த முழு அங்கீகாரம். அதன் பிறகு அது ஒரு நடைமுறை ஆனது. போகிறவன் வஹீதுவிடம் தனியாக வந்து கேட்க வேண்டும், கூட்டத்தில் கேட்கக் கூடாது. காரணத்தை ஒரு தடவை சொன்னால் போதும். எத்தனை மணி நேரம் போனானோ அத்தனை மணி நேரத்தை அந்த வாரத்துக்குள் அதிகமாக நின்று கழித்துவிடுவான், எங்கும் எழுதமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, ஆபீஸ் கேட்டால் யாரும் யாரையும் பார்க்கவில்லை. முப்பது வருடத்தில் ஒருவன்கூட அந்த நேரத்தைத் திருப்பிக் கழிக்காமல் ஏமாற்றியதில்லை என்பதில் வஹீதுவுக்கு ஒரு பெருமை. தன் மனைவி யாஸ்மினிடம் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். "அப்ப உங்களுக்கும் எனக்கும் ஒரு வாய் பாஸ் போடுங்க, ஏற்காடு போய்ட்டு வரலாம்" என்பாள் அவள்.

லட்சுமணசாமி காலமாகி, மகன் பாலுசாமி வந்து, இப்போது பாலுசாமியின் மகள் ஷ்ரவ்யா ஆட்கள் விவகாரம் முழுவதையும் பார்த்துக்கொள்கிறாள். எம்.பி.ஏ. படித்தவள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதே வாசலில் வஹீதுவின் ஸ்டூலில் உட்கார்ந்து கால் ஆட்டியவள். அவளுக்கு அவர் வஹீதண்ணா. அவருக்கு அவள் மற்றவர்கள் முன்னால் மேடம், இல்லாதபோது அம்மணி. அவள் வந்த பிறகு சம்பளம் ஒன்றாம் தேதி தவறாமல் வங்கிக்குப் போகிறது, ஓவர்டைம் நிமிடக் கணக்கில் ஏறுகிறது, பெண்கள் பகுதிக்கு நல்ல கழிப்பறை வந்திருக்கிறது. இதையெல்லாம் வஹீது மறுப்பதில்லை. புகழ்வதும் இல்லை. கறுப்புக் கண்ணாடி வந்த பிறகும் வாய் பாஸ் மட்டும் சின்னக் கதவு வழியாகச் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. கேமரா லாரி வரும் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

போன ஆடி மாதத்தில் ஒரு மதியம் வேலுமணி வாசலுக்கு வந்தான். வஹீது சேர்ந்த அதே வருடம் சேர்ந்தவன். இருவருக்கும் இன்னும் ஆறு மாதத்தில் ஓய்வு.

"பாய், ஒரு கூத்து கேளுங்க. ஊட்டுச் சாவி என்ற சட்டைச் சோப்புல கெடக்குது. ஊட்டுக்காரி வெளிய நிக்கறா. மீட்டர் மாத்த ஈ.பி. ஆளு வந்திருக்கானாம். கதவைத் தொறக்கலைன்னா இன்னும் ரெண்டு மாசம் கழிச்சுத்தான் வருவேங்கறானாம்."

"சாவியை எதுக்குப்பா எடுத்துட்டு வந்தே?"

"காலைல சண்டைங்க. கோவத்துல பூட்டி எடுத்துட்டு வந்துபோட்டேன். அவ பக்கத்து ஊட்டுக்குப் போயிருந்தா."

"இந்த வயசுல உனக்கு என்ன கோவம்? மெஷினை நிறுத்திட்டியா?"

"நிறுத்திப்போட்டனுங்க. இருகூருக்குப் போக இருவது நிமிசம், வர இருவது நிமிசம்."

வஹீது சிரித்தபடி சின்னக் கதவைத் திறந்துவிட்டார். ஒண்டிப்புதூர் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு காய்கறி வேன் வேலுமணியின் வண்டியை இடித்துத் தள்ளியது. உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கை மட்டும் வேன் சக்கரத்துக்கும் சாலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

சாயங்காலம் ஷ்ரவ்யா போனில் கூப்பிட்டாள். "வஹீதண்ணா, வேலுமணியண்ணனுக்கு ஆக்சிடென்ட்டாம். வாசல் மெஷின்ல பார்த்தா அவர் உள்ளேதான் இருக்கார்னு காட்டுது. எப்படி வெளிய போனார்?"

"தெரியலைங்களே மேடம். நான் பாக்கலை" என்றார் வஹீது.

பொய் சொல்கிறோம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. முப்பது வருடமாக அந்தக் கேள்விக்கு அதுதான் பதில். கை சுட்டால் இழுத்துக்கொள்வது போல வாய் தானாகச் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான், இந்த முறை கேட்டவள் ஆளைப் பிடிக்கக் கேட்கவில்லை என்பது மெதுவாக அவருக்குள் இறங்கியது. அப்போதே திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். ஏனோ கூப்பிடவில்லை. அவள் அந்தப் பதிலை நேரம் போட்டு எழுதி வைத்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து அதன் விலை தெரிந்தது. வேலுமணியின் வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை, இனி மடங்காது என்று டாக்டர் எழுதிவிட்டார். டர்னருக்கு அந்தக் கைதான் ஜீவனம். ஈ.எஸ்.ஐ.க்கு அனுப்ப வேண்டிய விபத்துப் படிவத்தை வைத்துக்கொண்டு ஷ்ரவ்யா வஹீதுவை அறைக்குக் கூப்பிட்டாள்.

"அனுமதி வாங்கிட்டு ஊட்டுக்குப் போற வழியில அடிபட்டிருந்தா அது வேலையில அடிபட்ட மாதிரி. அவருக்கு ஆயுசுக்கும் பென்ஷன் மாதிரி ஏதோ ஒண்ணு வரும். சொல்லாம போயிருந்தா அதுல சேராது. அது மட்டுமில்லாம ஷிப்டு நடுவுல வேலையை விட்டு ஓடினதுன்னு ஆகுது. கன்சல்டன்ட் சார்ஜ் ஷீட் குடுக்கச் சொல்றார்."

"சொல்லிட்டுத்தான் போனானுங்க அம்மணி. நான்தான் உட்டேன்."

ஷ்ரவ்யா மேஜை டிராயரைத் திறந்து, அன்றைக்கு எழுதி வைத்திருந்த தாளை எடுத்துக் காட்டினாள். "இது உங்க பதில்தானே அண்ணா?"

"என்னுதுதாங்க."

"இப்ப மாத்திச் சொன்னா என்ன நினைப்பாங்க? நீங்களும் அவரும் ஒரே வருசத்துல சேர்ந்தவங்க. பக்ரீத்துக்கு அவர் ஊட்டுக்குப் பிரியாணி போகும், பொங்கலுக்கு அங்கிருந்து கரும்பு வரும்னு எனக்கே தெரியும். சிநேகிதனைக் காப்பாத்தச் சொல்றார்னுதான் சொல்லுவாங்க. எனக்கு யாரையும் வேலையை விட்டு அனுப்பணும்னு ஆசையில்லை. ஆனா இல்லாததை இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட என்னால ஆகாது."

அவள் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க வஹீது முயன்று பார்த்தார். கிடைக்கவில்லை. வாய் பாஸ் என்று ஒன்று இத்தனை வருடம் இருந்தது என்று வேறு யாராவது சொல்ல வேண்டும். விசாரணைக்கு வெளியிலிருந்து ஆல்வின் என்ற வக்கீலை நியமித்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை காலை பத்து மணி, யாரை வேண்டுமானாலும் சாட்சியாகக் கொண்டு வரலாம் என்றாள் ஷ்ரவ்யா.

ஆள் கிடைப்பதா கஷ்டம் என்று நினைத்தார் வஹீது. இருநூறு பேர் வேலை செய்யும் இடம். அதில் பாதிப் பேருக்காவது அவர் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். வியாழக்கிழமை டீ நேரத்தில் கேன்டீனுக்குப் போனார்.

"ஏனுங்க சுப்பண்ணா, உங்க தம்பி மவன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு நான் உட்டது ஞாபகமிருக்குதா?"

சுப்பண்ணன் டீயை ஊதினார். "ஞாபகம் இருக்குதுங்க பாய். அதுக்குத்தான் உங்களுக்கு அன்னைக்கே லட்டுக் குடுத்துட்டனே."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"நாளைக்கு அதை வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்."

"பாய், லட்டு வேணும்னா இன்னொண்ணு வாங்கித் தாரேன். சொல்லாம போனவனுக்கெல்லாம் சார்ஜ் ஷீட்டுன்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்குது பாத்தீங்களா? எனக்கு ஓய்வுக்கு இன்னும் ரெண்டு வருசம் கெடக்குது."

"எனக்கு பன்னெண்டு வருசம் கெடக்குதுங்க" என்றான் இன்னொருவன், கேட்காமலே.

"வேலுமணிக்குக் கை போயிருச்சுப்பா."

"அது எங்களுக்கும் வருத்தந்தானுங்க. அதுக்கு நாங்க எல்லாரும் சேந்து ஏதாவது போட்டுக் குடுக்கறோம். பேரை மட்டும் கேக்காதீங்க" என்றார் சுப்பண்ணன். இப்போது யாரும் சிரிக்கவில்லை. டீக் கப்புகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

அவர்கள் கோழைகள் இல்லை. வாய் பாஸ் கற்றுக்கொடுத்ததைத்தான் அவர்கள் செய்தார்கள். ஆபீஸ் கேட்டால் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்த விதியை உண்டாக்கியவர் வஹீதுதான். எழுதாத நன்மைக்கு ஒரு பலம் உண்டு, யாரும் அதைக் கிழித்துப் போட முடியாது. அதே காரணத்தால், தேவைப்படும் நாளில் யாரும் அதை எடுத்துக் காட்டவும் முடியாது. இதை அவர் அன்றைக்குத்தான் யோசித்தார்.

சாயங்காலம் சங்கு ஊதி எல்லாரும் போன பிறகு, பெயிண்ட் பகுதியில் வேலை செய்யும் கருப்பாத்தாள் வாசலில் நின்றாள். ஐம்பதை ஒட்டிய வயது. நகக்கண்ணில் நீலப் பெயிண்ட். கம்பெனிக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. வஹீதுவோடு அவள் பேசியது மொத்தமாகச் சேர்த்தாலும் பத்து வாக்கியம் இருக்காது.

"நாளைக்கு நான் வந்து சொல்றேனுங்க" என்றாள்.

"என்னதைச் சொல்லுவீங்க அம்மணி?"

"வாய் பாஸ் இருந்துதுன்னு."

"நீங்க ஒரு நாளும் போனதில்லையே."

"போகலைங்க. நீங்க உடலை."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வது போலச் சொன்னாள். வஹீதுவுக்குச் சட்டென்று நினைவு வரவில்லை. அதுவே அவருக்கு முதல் அடியாக விழுந்தது. அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"நான் சேந்து மூணாம் மாசமுங்க. என்ற புள்ளை மதிவதனிக்கு நர்சிங் படிக்க இடம் வந்திருந்துது. அன்னைக்கு நாலு மணிக்குள்ள அப்பனோ ஆயியோ வந்து கையெழுத்துப் போடோணும்னு போன் பண்ணினா. அவளுக்கு அப்பன் இல்லைங்க. நான் இங்க ஓடி வந்தேன். டீ கேன்காரன், லாரி டிரைவர், சுப்பண்ணன் எல்லாரும் நின்னாங்க. எனக்கு ஒண்ணுந் தெரியாது, எல்லாருக்கும் கேக்கற மாதிரி, பாய் என்னையும் உடுங்க, மத்தவங்களை உடறீங்கல்லன்னு சத்தமாக் கேட்டேன்."

இப்போது நினைவு வந்தது. புதிதாக வந்தவள், நாலு பேர் முன்னால் கத்துகிறாளே என்று அவருக்கு எரிச்சல். அப்படியெல்லாம் இங்கே ஒன்றும் கிடையாது, சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கி வா என்று சொல்லிவிட்டு நோட்டில் குனிந்துகொண்டார். சூப்பர்வைசர் கையெழுத்துக் கிடைத்து, மேலாளரைத் தேடிப் பிடித்து, அவள் போய்ச் சேர்ந்தபோது அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது.

"இப்ப என்ன பண்றா மதிவதனி?"

"திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங்குங்க. கல்யாணமாயிருச்சு. நல்லாத்தான் இருக்கறா." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "பத்து மணிக்குத்தானுங்களே?"

வஹீது தலையை ஆட்டினார். அவள் போன பிறகும் வெகுநேரம் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. வேண்டாம், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தது. வேறு ஆள் கிடையாது என்று அவருக்குத் தெரியும். அவள் பேசினால் வேலுமணிக்கு வழி பிறக்கும். அவள் பேசினால், முப்பத்தொரு வருடமாகத் தன்னைப் பற்றித் தான் வைத்திருந்த படம் அந்த அறையில் எல்லார் முன்னாலும் வேறு மாதிரி தெரியும். இரண்டையும் பிரித்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வழி இல்லை.

வெள்ளிக்கிழமை கம்பெனியின் கூட்ட அறையில் ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஆல்வின் தடித்த கண்ணாடி போட்டவர், மெதுவாக எழுதுகிறவர். வேலுமணி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஷ்ரவ்யா கம்பெனி பக்கம். வஹீது தான் கதவைத் திறந்ததையும் போனில் பொய் சொன்னதையும் சொன்னார்.

"முதல்ல பார்க்கலைன்னீங்க, இப்ப நான்தான் விட்டேங்கறீங்க. எதை நான் எழுதிக்கறது?" என்றார் ஆல்வின்.

"ரெண்டையும் எழுதிக்குங்க."

கருப்பாத்தாள் உள்ளே வந்தாள். உட்காரச் சொன்னபோது நாற்காலியின் முனையில் உட்கார்ந்தாள்.

"நீங்க எத்தனை தடவை இப்படி வாய் பாஸ்ல போயிருக்கீங்கம்மா?"

"ஒருக்காவும் போகலைங்க."

ஆல்வின் பேனாவை நிறுத்தினார். "அப்புறம் எப்படி அது இருந்துதுன்னு சொல்றீங்க?"

"கேட்டனுங்க. பாய் குடுக்கலை. இல்லாததை நான் எதுக்குங்க கேப்பேன்? மத்தவங்க போறதைப் பாத்துத்தான் கேட்டேன். எனக்குக் கெடைக்காததால எனக்கு நல்லா ஞாபகமிருக்குது. கெடைச்சவங்க மறந்துபோட்டாங்க."

எந்த நாள் என்று கேட்டார் ஆல்வின். தேதியைச் சொன்னாள், கிழமையைச் சொன்னாள். அன்று அவள் எழுதி வாங்கிய கேட் பாஸ் இருக்குமா என்று கேட்டார். ஷ்ரவ்யா எழுந்து போய்ப் பழைய கட்டைக் கொண்டு வந்தாள். இருந்தது. காரணம் என்ற இடத்தில் மேலாளர் தன் கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'மகள் படிப்பு சம்பந்தமாக. டைம் கீப்பர் வாய்மொழியாக அனுப்ப மறுத்ததால் எழுத்து மூலம் கேட்கிறார்.' அந்த மேலாளர் கம்பெனியை விட்டுப் போய் ஐந்து வருடம் ஆகிறது. இந்த வரியை அவர் எதற்காக எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. ஒருவேளை வஹீதுமேல் அவருக்கு ஏதாவது கோபம் இருந்திருக்கலாம். ஆல்வின் அந்தத் தாளை இருமுறை படித்துவிட்டு வஹீதுவைப் பார்த்தார்.

"இவங்களுக்கு ஏன் மறுத்தீங்க?"

நாலு பேர் முன்னால் கேட்டாள் என்ற பதில் வாய் வரை வந்தது. சொன்னால் அது எவ்வளவு சின்னக் காரணமாக இருக்கும் என்பதை இந்த அறையில் முதன்முறையாக உணர்ந்தார் வஹீது. "எனக்கு அவங்களைத் தெரியாதுங்க. தெரிஞ்சவங்களுக்கு மட்டுந்தான் கதவைத் தொறந்திருக்கறேன் போல" என்றார்.

வேலுமணி தலையைக் குனிந்துகொண்டான். ஷ்ரவ்யா எதையும் எழுதவில்லை.

வெளியே வந்ததும் வஹீது வேகமாக நடந்து கருப்பாத்தாளைப் பிடித்தார். "ஏனுங்க அம்மணி, அன்னைக்கு நான்..."

"உடுங்க பாய். அவ புள்ளைக்கே ரெண்டு வயசாயிருச்சு" என்றாள் அவள். மன்னித்த குரல் இல்லை, கோபித்த குரலும் இல்லை. "பெயிண்ட் காஞ்சுபோயிரும், வாரேனுங்க" என்று முற்றத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஆல்வினின் அறிக்கை பத்து நாளில் வந்தது. வாய்மொழி அனுமதி அந்தக் கம்பெனியில் நீண்ட கால வழக்கம் என்றும், வேலுமணி அனுமதியோடுதான் வெளியேறினார் என்றும் எழுதியிருந்தார். ஷ்ரவ்யா விபத்துப் படிவத்தில் அப்படியே நிரப்பிக் கையெழுத்துப் போட்டாள். சார்ஜ் ஷீட் ரத்தானது. மீதி மாதங்களுக்கு வேலுமணியை ஸ்டோரில் இடது கையால் செய்யக்கூடிய வேலைக்கு மாற்றினாள். சின்னக் கதவுக்குப் பூட்டு வந்தது. அவசரமாகப் போக வேண்டியவர்கள் போனில் ஒரு வரி அனுப்பினால், ஷ்ரவ்யாவோ அவளுடைய உதவியாளரோ ஐந்து நிமிடத்துக்குள் சரி என்று பதில் போட வேண்டும் என்று புதிய விதி. முதல் வாரத்திலேயே பெயிண்ட் பகுதியிலிருந்து மூன்று பெண்கள் அதில் போனார்கள். இத்தனை வருடத்தில் அந்தப் பகுதியிலிருந்து கருப்பாத்தாளைத் தவிர யாரும் தன்னிடம் கேட்டதே இல்லை என்பதை வஹீது கவனித்தார்.

அவருக்கும் ஒரு மெமோ வந்தது. அதிகாரமில்லாமல் ஆட்களை வெளியே அனுப்பியதற்கும், கேட்டபோது தவறான பதில் சொன்னதற்கும் விளக்கம் தர வேண்டும். ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு வரி எழுதினால் கண்டிப்போடு முடித்துவிடுகிறேன் என்று ஷ்ரவ்யா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். யாஸ்மினும் அதைத்தான் சொன்னாள். "ஒரு வரிதானே, எழுதிக் குடுத்துட்டு ஓய்வு வாங்கிட்டு வாங்க."

அவர் மூன்று நாள் எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து பள்ளிவாசல் தெருவில் அண்ணன் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து எழுதினார். எத்தனை பேரை அனுப்பினேன் என்று கணக்கு இல்லை, ஆயிரம் தடவைக்கு மேல் இருக்கும் என்று எழுதினார். அந்த வாசல் நாட்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கையில் பொட்டலத்தோடு திரும்பி வந்தவர்கள், பிரசவமான செய்தியைக் கதவிலேயே சொல்லிச் சிரித்தவன், மழையில் நனைந்து ஓடி வந்தவன். எல்லாம் நல்ல முகங்கள். பிறகு எத்தனை பேரை அனுப்பவில்லை என்று யோசித்தார். அதற்கு நேரம் பிடித்தது. அவர்கள் யாரும் சிரித்துக்கொண்டு திரும்பி வரவில்லை, அதனால் நினைவில் தங்கவில்லை. பதினொரு பெயர் கிடைத்தது. அதற்குப் பிறகு பெயர் இல்லாத முகங்கள் வந்தன. அங்கே நிறுத்தி, பதினொரு பெயரையும் வரிசையாக எழுதி, 'இன்னும் இருக்கலாம்' என்று முடித்தார்.

திங்கட்கிழமை ஷ்ரவ்யா அதை முழுவதும் படித்தாள்.

"அண்ணா, இந்தப் பேரெல்லாம் சார்ஜ்ல இல்லீங்களே. நீங்க அனுப்பினதுதான் தப்புன்னு கேட்டிருக்கோம். அனுப்பாதது விதிப்படி சரிதான்."

"ஆமாங்க அம்மணி."

"இதை எடுத்துட்டு வேற தாள் தரட்டுங்களா? முதல் பத்தி மட்டும் போதும்."

"இருக்கட்டுங்க. விதி எதைத் தப்புன்னு சொல்லுதோ அதை ஒத்துக்கறேன். அது மட்டும் ஃபைல்ல இருந்தா, நான் செஞ்ச தப்பு அது ஒண்ணுதான்னு ஆயிரும்."

அவள் பெயர்களை இன்னொரு முறை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு இரண்டு தாளையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து, அவருடைய முப்பத்தொரு வருடக் கோப்பைத் திறந்து உள்ளே வைத்தாள். வஹீது வாசலுக்குத் திரும்பினார். இரண்டாம் ஷிப்டு வந்துகொண்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. பெயிண்ட் பகுதிக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் முகத்தைக் காட்டிவிட்டு உள்ளே நடந்தாள்.

"ஏனுங்க அம்மணி, உங்க பேரு என்னங்க?" என்று கேட்டார் வஹீது.